பூட்டிய கதவும் கடைசி பெஞ்சும்: ஒரு சஃபோக் கிராமக் கோவிலில் நடந்தவை

பின்னணி

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது சஃபோக். பார்லியும் சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கும் விளைகிற பூமி. அங்கே சுமார் நானூறு பேர் வாழும் ஒரு கிராமத்தின் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபையின், கிறிஸ்தவக் கோவிலில் 2018 முதல் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அந்தக் கோவிலின் நிர்வாகக் குழுவுக்கு நான் செயலாளர். எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி அதைச் சேகரக் குழு என்றே சொல்கிறேன். ஊரையோ ஆட்களையோ பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

கோவில் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி சக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய சுவர்கள். உள்ளே இருந்த பெஞ்சுகள் விக்டோரியா ராணி காலத்தவை. தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. கட்டிடம் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்தத் தரத்தில் உள்ள கட்டிடங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு இங்கிலாந்து திருச்சபையின் கோவில்கள்தான். இவற்றை அரசாங்கமோ திருச்சபைத் தலைமையோ பராமரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓடு உடைந்தால் மாற்ற வேண்டியது அந்தந்த ஊர்ச் சேகரக் குழுதான். எங்கள் குழுவில் அப்போது ஒன்பது பேர். ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். குருவானவருக்கு எங்கள் ஊரோடு சேர்த்து ஆறு கோவில்கள்.

கோவிலின் தெற்குக் கதவு 2011 முதல் பூட்டியே கிடந்தது. அந்த வருடம் ஓர் இரவில் வடபக்கத் தாழ்வாரக் கூரையின் ஈயத் தகடுகளை உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். உலோக விலை ஏறியிருந்த அந்த ஆண்டுகளில் நாடு முழுக்க இப்படி நடந்தது. ஈயம் போனது விடிந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் மழையும் பெய்து ஆர்கன் இசைக்கருவிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கோவிலைக் கவனித்துக்கொள்ள ஊரார் தேர்ந்தெடுக்கும் இரண்டு வார்டன்களில் ஒருவர் விவசாயி. அன்று காலை வாளியோடு நின்றவர் அவர்தான். அன்று மாலையே கதவைப் பூட்டினார். சாவி அவர் வீட்டில் இருக்கும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அப்புறம் 2016-இல் ஊரின் ஒரே கடையும் அதனுள் இருந்த தபால் நிலையமும் மூடின. நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டது, வாங்கி நடத்த யாரும் முன்வரவில்லை.

இதற்குள் நான் வந்தது

பக்கத்து நகரத்து மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்து 2015-இல் இந்த ஊரில் குடியேறினோம். நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ சபையில் வளர்ந்த ஆள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சிஎஸ்ஐ, உருவானபோது அதில் சேர்ந்த ஆங்கிலிக்கன் திருமண்டலங்களில் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள சபைகளின் பகுதி) எங்களுடையதும் ஒன்று. இங்கிலாந்து திருச்சபையோடு அதற்கு ஐக்கியம் உண்டு என்பதால், ஞானஸ்நானம் பெற்று இந்த ஊரில் குடியிருந்ததே போதுமானதாக இருந்தது, என் பெயரைச் சபை வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் முறை போனது ஒரு மாலை ஆராதனைக்கு. 1662-ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகத்தை வைத்து நடத்தினார்கள். வயதான ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, பக்கத்தை விரலால் காட்டினார். வேறெதுவும் பேசவில்லை. பாவ அறிக்கை தொடங்கியதும், தப்பிப்போன ஆடுகளைப் பற்றிய அந்த வரிகளை எனக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். சிறுவயதில் பாட்டியோடு சொன்ன அதே ஜெபம். ஒருவரை வரவேற்க விரலால் ஒரு பக்கத்தைக் காட்டுவதே போதும் என்று அன்று எனக்குப் பட்டது. அந்த எண்ணத்தோடுதான் இந்த வேலைக்குள் வந்தேன். ஆனாலும் பின்னால் ஒரு பெரிய தவறு செய்தேன், அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

கவனித்தவை

2018 வசந்த காலத்தில் ஒரு விவசாயியின் அடக்க ஆராதனை நடந்தது. கோவில் நிரம்பி, வாசல் மண்டபத்திலும் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் ஞாயிறு வருகிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆராதனை பாதியில் இருக்கும்போதே வயதான பெண்கள் மூன்று பேர் எழுந்து போனார்கள். எதிர் வீட்டுக் கழிப்பறைக்குப் போயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களில் ஒருவர் இறந்தவரின் சகோதரி.

அந்த எதிர் வீட்டு அம்மாள் குழுவில் இல்லாதவர். கோவிலுக்கும் வருவதில்லை. அன்று என்னிடம் இன்னொன்றும் சொன்னார். கோவில் கதவில் திருகித் திறக்கும் இரும்பு வளையம் ஒன்று இருக்கிறது. அதை யாராவது திருகினால் அவர் வீட்டுச் சமையலறை வரை சத்தம் கேட்கும். திருகும் சத்தம், ஒரு நிமிட அமைதி, அப்புறம் சரளைக் கல்லில் திரும்பிப் போகும் காலடி. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த ஆகஸ்டில் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கோடு போட்டார். கோடு விழாத நாள் ஐந்தே ஐந்து. சாவியைக் கேட்டு வார்டன் வீட்டுக்குப் போனவர்கள் அந்த மாதம் முழுவதும் இரண்டு பேர்.

இந்த நாட்டில் ஒரு சேகரத்தின் குருவானவர் அந்த எல்லைக்குள் வாழும் எல்லோருக்கும் குருவானவர். ஊரில் குடியிருப்பவருக்கு அந்தக் கோவிலில் திருமணம் செய்துகொள்ள உரிமை உண்டு, இடம் இருந்தால் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறவும் உரிமை உண்டு. வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரக் கூட்டத்தில் ஊரின் பொது வாக்காளர் பட்டியலில் உள்ள யாரும் ஓட்டுப் போடலாம், அவர் ஒரு ஞாயிறுகூட வராதவராக இருந்தாலும் சரி. இதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அது எங்கள் நடத்தையில் இல்லை என்பதை அந்த நாட்காட்டிதான் காட்டியது.

முதல் முடிவு: கதவைத் திறப்பது

2018 செப்டம்பர் கூட்டத்தில் நாட்காட்டியை மேசையில் வைத்தேன். காலையில் திறந்து இருட்டும் நேரத்தில் பூட்டலாம், மூன்று மாதம் பார்ப்போம் என்பதுதான் தீர்மானம். விவசாயி வார்டன் கடுமையாக எதிர்த்தார். வாளி பிடித்து நின்ற மனிதரின் எதிர்ப்பு அது, லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. திருடர்கள் கூரைக்கு வந்தது வெளியிலிருந்து ஏணி போட்டு. கதவைப் பூட்டியது எதையும் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. கூரையில் இப்போது ஈயம் இல்லை, துருப்பிடிக்காத எஃகுத் தகடு போட்டாகிவிட்டது. தவிர, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய உலோகக் கடைகள் ரொக்கம் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. காப்பீட்டுக்காரர்களும் பகலில் திறந்து வைப்பதையே விரும்புகிறார்கள், ஏனென்றால் எந்த நேரமும் யாராவது உள்ளே வரக்கூடும் என்பதே ஒரு காவல். வெள்ளித் திருவிருந்துக் கிண்ணத்தை வங்கிக்கு மாற்றினோம். ஐந்துக்கு நான்கு என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தவர் எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே வார்டன். ஏன் என்று கேட்டேன். முடிவெடுத்தாயிற்று, திறப்பது வார்டன் வேலை என்றார். இன்று வரை அவர் கருத்து மாறவில்லை. இன்று வரை பெரும்பாலும் அவரே திறக்கிறார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் அதிகம் மதிப்பது அவரைத்தான்.

மூன்று மாதத்தில் உண்டியலில் இருந்த சில்லறை ஒரு முறை காணாமல் போனது. வீட்டை விட்டு வந்த ஓர் இளைஞன் இரண்டு இரவு உள்ளே தூங்கினான். குருவானவர் அவனுக்குத் தங்க வேறு இடம் பார்த்துக் கொடுத்தார். பெயரில்லாத ஜெபச் சீட்டுகள் ஒரு கூடை நிறையச் சேர்ந்தன. வாரம் ஒரு நாள் மதியம் ஒரு லாரி ஓட்டுநர் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி அநேகமாகத் தினமும் வந்து வடக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் யார், ஏன் அந்த பெஞ்சு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் முடிவு: எங்கள் தவறு

கதவு திறந்தது எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. 2019 தொடக்கத்தில் கோவிலின் பின்பகுதியைச் சீரமைக்கத் திட்டம் போட்டோம். ஹெரிஃபோர்ட்ஷயரில் யார்போல் என்ற கிராமத்தில் புனித லெனார்ட் கோவிலுக்குள்ளேயே 2009-இல் ஊர்மக்கள் கடையும் தபால் நிலையமும் தொடங்கியிருந்தார்கள். அந்த அளவுக்கு எங்களால் முடியாது. கழிப்பறை ஒன்று, சிறிய சமையல் மேடை ஒன்று, தபால் சேவைக்கு வாரம் ஒரு நாள் மேசை போட இடம், இவ்வளவுதான் கேட்டோம். அதற்குப் பின்வரிசை பெஞ்சுகள் பன்னிரண்டையும் அகற்ற வேண்டும் என்று குழு முடிவு செய்தது. ஒரு வீட்டு வரவேற்பறையில், ஒன்பது பேரும் தேநீர் குடித்துக்கொண்டே எடுத்த முடிவு அது.

இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஃபேக்கல்ட்டி என்ற அனுமதி வேண்டும். திருமண்டல ஆலோசனைக் குழு பார்த்துக் கருத்துச் சொல்லும், சான்சலர் என்ற திருச்சபை நீதிபதி தீர்ப்பளிப்பார். விண்ணப்ப அறிவிப்பை 28 நாள் ஊரார் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். ஊரில் வசிக்கும் எவரும் ஆட்சேபம் எழுதலாம். அறிவிப்பைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டியது நான்.

இருபதுக்கும் மேற்பட்ட ஆட்சேபக் கடிதங்கள் போயின. அநேகமாக எல்லாமே ஞாயிறு வராதவர்கள் எழுதியவை. அவசரக் கூட்டத்தில் எல்லோரும் கொதித்துப்போயிருந்தோம். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குப் பெஞ்சைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்டேன். அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பிலும் இருக்கிறது, அதை எழுதியதும் நான்தான். நாட்காட்டியைக் காட்டி எல்லோருக்கும் உரிய கோவில் என்று வாதாடி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

கடிதங்களில் ஒன்று கையெழுத்தில் இருந்தது, அரைப் பக்கம். எழுதியவர் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்மணி. 1960-களில் பிறந்து சில நாளிலேயே இறந்த அவருடைய குழந்தை வடக்குச் சுவரை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கல் எதுவும் வைக்கவில்லை. அந்த இடத்துக்கு நேர் உள்ளே இருப்பது அந்த பெஞ்சு. கதவு பூட்டியிருந்த ஏழு வருடமும் சாவி கேட்கக் கூச்சப்பட்டு அவர் வரவே இல்லை. திறந்த பிறகு வந்தார். இப்போது பெஞ்சு போகப்போகிறது என்று கதவில் படித்தார். கடிதத்தில் கோபம் இல்லை. தனக்கு யாரும் சொல்லவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

மூன்றாம் முடிவு: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது

வழக்காக நடத்தினால் ஒருவேளை ஜெயித்திருப்போம், கழிப்பறை தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிஷப்பின் சார்பில் கோவில்களை மேற்பார்வையிடும் மூத்த குருவானவரான ஆர்ச்டீக்கன் வந்து கடிதங்களைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று ஊரைக் கேளுங்கள் என்றார். குருவானவரும் அதையே சொன்னார். அறுப்பின் பண்டிகை முடிந்த அடுத்த வாரம், 2019 அக்டோபரில், கோவிலுக்குள்ளேயே ஊர்க்கூட்டம் வைத்தோம். சூப்பும் ரொட்டியும் கொடுத்தோம். கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து, உங்களிடம் கேட்காமல் முடிவு செய்தது தவறு என்று குழுவின் சார்பில் சொன்னேன். குரல் நடுங்கியது.

அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கழிப்பறை வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சூப் பாத்திரத்தை எதிர் வீட்டிலிருந்து தூக்கி வந்ததைப் பார்த்தவர்களிடம் சமையல் மேடையின் தேவையை விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்செல்லாம் பெஞ்சுகளைப் பற்றித்தான். எது எந்தக் குடும்பத்தின் பெஞ்சு, எதில் யார் பெயரைச் செதுக்கி அடி வாங்கினார் என்றெல்லாம் சொன்னார்கள். ஓய்வு பெற்ற ஒரு தச்சர் எழுந்து அளவு நாடாவை விரித்து, சமையல் மேடையை மணிக்கூண்டின் அடியில் ஓர் அலமாரிக்குள் அடக்கிவிடலாம், அப்படிச் செய்தால் எட்டு பெஞ்சை எடுத்தால் போதும் என்று காட்டினார். கட்டிடக் கலைஞரின் வரைபடத்தில் அந்த யோசனை இல்லை. வடக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அன்றே முடிவானது. வாசலில் ஒரு தாளை வைத்து, தொடர்ந்து கலந்து பேசப் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டிருந்தோம். எல்லா வீட்டு எண்ணும் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

இடையில் வந்தது

2020 மார்ச் 23-ஆம் தேதி ஊரடங்கு அறிவித்தார்கள். மறுநாளே கோவில்களை மூடச் சொல்லி இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயர்கள் இருவரின் கடிதம் வந்தது. குருவானவர்கள் தனியாக ஜெபிக்கக்கூட உள்ளே போகக் கூடாது என்றிருந்தது. ஒன்றரை வருடம் திறந்திருந்த கதவை வார்டன் மறுபடி பூட்டினார்.

அந்தத் தாள் அப்போதுதான் உதவியது. ஊரை ஆறு தெருப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர் தினமும் தொலைபேசியில் விசாரித்தார்கள். மருந்து வாங்க முடியாதவர்களுக்கு வாங்கி வந்து வாசல் மண்டபத்தில் பெயர் எழுதி வைத்தோம். மாவு, முட்டை, பக்கத்தில் ஒரு பண்ணை கொடுத்த உருளைக்கிழங்கு எல்லாம் அதே மண்டபத்துக் கல் திண்ணையில் இருந்தன. விசாரித்தவர்களில் பாதிப் பேர் ஆட்சேபக் கடிதம் எழுதியவர்கள். நான் அந்த மாதங்களில் மருத்துவமனையில் இருந்தேன், ஊரில் நடந்த பலதும் எனக்கு இரவில் கேட்டுத் தெரிந்ததுதான். ஜூன் பாதியில் தனி ஜெபத்துக்குக் கதவு மீண்டும் திறந்தது.

அதன் பிறகு

புதிய விண்ணப்பம் 2021-இல் போனது. இந்த முறை ஆட்சேபம் இல்லை. மணிக்கூண்டில் வௌவால்கள் இருந்ததால் தாமதமானது. சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர்கள், கோடையில்தான் கணக்கெடுக்க முடியும், அதனால் ஒரு பருவம் காத்திருந்தோம். வேலை 2022-இல் நடந்தது. கழிப்பறைக் கழிவுக்கு ஆழமில்லாத கால்வாய் முறையைப் பயன்படுத்தினோம், ஆழமாகத் தோண்டினால் பழைய கல்லறைகள் கலையும். அப்படியும் எலும்புகள் கிடைத்தன. தொல்லியலாளர் பதிவு செய்த பிறகு குருவானவர் ஜெபம் செய்து அவற்றை மறுபடி புதைத்தார். வேலையாட்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

பணம் மூன்று அறக்கட்டளைகளிடமிருந்தும் ஊராரிடமிருந்தும் வந்தது. ஊராட்சி மன்றமும் கொடுக்க விரும்பியது. ஆனால் 1894-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் கோவில் சொத்துக்குச் செலவிடத் தடை போடுகிறதோ என்ற ஐயத்தில் அதன் எழுத்தர் தயங்கினார். 2023-இல் வந்த புதிய சட்டம் அந்த ஐயத்தைத் தீர்த்தது, அதற்குள் எங்கள் வேலை முடிந்திருந்தது. இப்போது கல்லறைத் தோட்டத்தின் புல் வெட்டும் செலவை மன்றம் ஏற்றுக்கொள்கிறது.

புதன்கிழமை காலையில் பக்கத்து ஊர் தபால் நிலையத்தை நடத்துகிறவர் வந்து மேசை போடுகிறார். ஓய்வூதியம் எடுக்க வருகிறவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். 2022 குளிர்காலத்தில் எரிபொருள் விலை ஏறியபோது அதையே நாள் முழுவதும் நீட்டித்தோம். முப்பதிலிருந்து நாற்பது பேர் வருவார்கள். பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கேரளப் பெண்கள் இரண்டு பேர் இரவுப் பணி முடிந்து நேராக வந்து உட்காருவார்கள்.

ஞாயிறு எண்ணிக்கை பதினான்கிலிருந்து பதினெட்டு ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை. திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கை முழுதாக எங்களால் இன்னும் கட்ட முடியவில்லை. இதை மறைத்து எழுதினால் வேறு சபைகள் தப்புக் கணக்குப் போடும். கடைசி பெஞ்சுப் பெண்மணி 2023-இல் காலமானார். வடக்குச் சுவரருகே அடக்கம் செய்தோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஊர்க்கூட்டத்தை வரைபடத்துக்கு முன்பே வைத்திருக்க வேண்டும். நாங்கள் அதை ஒரு சடங்காக நினைத்தோம். தச்சரின் அலமாரி யோசனை மட்டுமே எங்களுக்கு ஒரு கணிசமான தொகையை மிச்சப்படுத்தியது.

ஒருவர் தினமும் வந்து ஒரே இடத்தில் உட்கார்ந்தால், தொந்தரவு செய்யாமல், ஆனால் கட்டாயம், அவர் யார் என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். செவிலியராக வார்டில் இதை நான் தினமும் செய்கிறேன். கோவிலில் செய்யவில்லை.

சூடேற்றும் வசதியை முதலிலேயே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். கல் கட்டிடத்தில் ஜனவரியில் கோட்டைக் கழற்ற முடியாது. நடமாடும் ஹீட்டர்களின் மின்கட்டணம் எங்களை இன்னும் வாட்டுகிறது. புதன்கிழமை வேலையை நான்கு பேரே மூன்று வருடம் செய்து களைத்துப் போனார்கள், ஒருவர் உடம்பு முடியாமல் விலகினார். முறை வைத்துப் பிரித்திருந்தால் அவர் இன்னும் இருந்திருப்பார்.

வருடாந்திரக் கூட்ட அறிவிப்பையும் மாற்றியிருக்கிறோம். முன்பு கோவில் கதவில் மட்டும் ஒட்டுவோம். இப்போது பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுகிறோம். வார்டன் தேர்தலில் ஊரில் குடியிருக்கும் வாக்காளர் எவரும் ஓட்டுப் போடலாம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறோம். சென்ற வசந்தத்தில் எதிர் வீட்டு அம்மாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, விவசாயி வார்டனுக்குக் கை தூக்கினார். தேர்தல் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.